டீன் ஏஜ் பிள்ளையின் கோபம், பொய், மௌனம்: பெற்றோர் எங்கிருந்து தொடங்குவது? ஒரு முழு வழிகாட்டி

எட்டாவது வரை சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளை, பத்தாவது வந்ததும் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், டியூஷனுக்குப் போனேன் என்று பொய் சொல்கிறான், ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்கிறான், கதவைச் சாத்தினால் திறப்பதில்லை. வீட்டில் உடனே இரண்டு காரணம் சொல்வார்கள்: ஒன்று செல்போன், இன்னொன்று சேர்க்கை சரியில்லை. பல வீடுகளில் இரண்டுமே உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. அதைத் தொடாமல் போனைப் பிடுங்கினாலும் பள்ளியையே மாற்றினாலும் பிரச்சினை வேறு வாசல் வழியாகத் திரும்பி வரும். என் வாழ்க்கையில் எதுவுமே என் கையில் இல்லை என்று பிள்ளைக்குள் ஊறிப்போன எண்ணம்தான் அது.

அழுத்தம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அதோடு 'நான் ஏதாவது செய்தால் ஏதாவது மாறும்' என்ற நம்பிக்கையும் இருந்தால், திணறினாலும் பிள்ளை தாக்குப்பிடிக்கும். அந்த நம்பிக்கை கழன்றுபோனால் அதே அழுத்தம் ஒருவனிடம் கத்தலாக வரும், இன்னொருத்தியிடம் பேச்சே இல்லாத அமைதியாக வரும். இந்த நம்பிக்கையை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் இங்கே விஷயம். ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள்

பிளஸ் டூ படிக்கும் ஒரு பையனின் சாதாரண நாள். காலை நாலரைக்கு அம்மா எழுப்புகிறார், ஐந்தரைக்கு கெமிஸ்ட்ரி டியூஷன். எட்டரைக்கு ஸ்கூல். நாலு மணிக்கு மேல் ஸ்பெஷல் கிளாஸ். அங்கிருந்து நேராக மேத்ஸ் டியூஷன். வீடு வர எட்டரை. சாப்பிடும்போது அப்பா கேட்கிறார், "டெஸ்ட் பேப்பர் கொடுத்தாச்சா?" பிறகு ஹோம்வொர்க், ரெக்கார்ட் நோட். பதினொன்றரைக்குப் போர்வைக்குள் போன்.

இந்த நாளில் அவனாக முடிவு செய்தது எது என்று தேடுங்கள். எந்த குரூப், எந்த டியூஷன், எத்தனை மணிக்கு எழுவது, எதை முதலில் படிப்பது, முடியை எவ்வளவு வெட்டுவது என்று எல்லாமே வேறு யாரோ முடிவு செய்தவை. மிச்சம் இருப்பது போர்வைக்குள் இருக்கும் அந்த ஒரு மணி நேரமும், கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையும்தான். அந்த இரண்டையும் அவன் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை. நமக்குத் திமிராகத் தெரிகிற பாதி விஷயங்கள், அவனைப் பொறுத்தவரை தன் கையில் மிஞ்சியிருக்கும் கடைசி விஷயங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் இறுக்கம். எங்கே போகலாம், யாரோடு பேசலாம், மேலே படிக்கலாமா வேண்டாமா என்பதுவரை கேள்வி நீளும். அவர்களில் பலர் கத்துவதில்லை. வயிற்று வலி, தலைவலி, சாப்பாடு வேண்டாம் என்பது, தூங்கிக்கொண்டே இருப்பது, இப்படித்தான் வெளியே தெரியும். அதை 'பொண்ணு அமைதியானவ' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கத்துகிற பையனுக்காவது யாராவது பஞ்சாயத்துக்கு வருவார்கள், இவளுக்கு அதுவும் இல்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-ல் ஒரு அளவுகோலை வெளியிட்டார். நடப்பதெல்லாம் தன் செயலால் நடக்கிறது என்று ஒருவர் எந்த அளவுக்கு நம்புகிறார், அதிர்ஷ்டம், தலையெழுத்து, பெரிய மனிதர்களின் விருப்பம் இவற்றால் நடக்கிறது என்று எந்த அளவுக்கு நம்புகிறார் என்று அளப்பது அது. 1973-ல் நோவிக்கியும் ஸ்ட்ரிக்லாண்டும் பிள்ளைகளுக்கென்று ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 40 கேள்விகளை உருவாக்கினார்கள். தப்பு செய்துவிட்டால் அதைச் சரிசெய்ய உன்னால் பெரிதாக எதுவும் முடியாது என்று தோன்றுகிறதா, வீட்டில் எடுக்கும் முடிவுகளில் உன் பேச்சுக்கு இடமில்லை என்று தோன்றுகிறதா என்ற மாதிரியான கேள்விகள். 'எதுவும் என் கையில் இல்லை' என்ற பக்கம் சாயும் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் அடாவடியும் கூடுதலாகக் காணப்படுவதைப் பிறகு வந்த பல ஆய்வுகள் காட்டின. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம், இரண்டு பக்கமும் ஓடுகிற விஷயம் இது. பிள்ளை கத்துகிறான், வீடு இன்னும் இறுக்குகிறது, இறுக்க இறுக்க இன்னும் கத்துகிறான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு ஆராய்ச்சி. 1967-ல் செலிக்மனும் மையரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள் (இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம்). தன்னால் நிறுத்தவே முடியாத மின் அதிர்ச்சியைத் தாங்கிய நாய்களில் பெரும்பாலானவை, பிறகு ஒரு தாவு தாவினால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோதும் தாவாமல் படுத்துக்கொண்டன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டன என்றுதான் பல பத்தாண்டுகள் பாடம் நடத்தப்பட்டது. ஆனால் 2016-ல் அதே இருவரும், மூளையை ஆராய்ந்து கிடைத்த முடிவுகளை வைத்து, தாங்கள் சொன்னது தலைகீழாக இருந்தது என்று எழுதினார்கள். கஷ்டம் நீண்டுகொண்டே போனால் ஒடுங்கிப்போவதுதான் மூளையின் இயல்பான பதில், அதை யாரும் கற்கத் தேவையில்லை. 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதைத்தான் மூளை அனுபவத்தில் கற்றுக்கொள்கிறது, அப்படிக் கற்றதும் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி அந்த ஒடுக்கத்தை அடக்குகிறது.

அப்படியென்றால் தன்னம்பிக்கை பற்றி எவ்வளவு பேசினாலும் போதாது. தான் ஒன்றைச் செய்து, அதனால் ஒன்று மாறியதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும், அதுவும் பலமுறை. கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

படி 1: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். சண்டையோ பொய்யோ அழுகையோ நடந்தால் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன நடந்தது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன ஆனது. 'திமிர் பண்ணினான்' என்று எழுதக் கூடாது, 'தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்' என்று எழுத வேண்டும். நோட்டைப் பிள்ளை கண்ணில் படும்படி வைக்காதீர்கள், புகார்ப் பட்டியல் என்றுதான் நினைப்பான்.

இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலான சண்டைகள் இரவு எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், மார்க் பற்றிய கேள்விக்குப் பின்னால் நடந்திருக்கும். அல்லது ஞாயிறு சாயங்காலம், மறுநாள் டெஸ்ட் இருக்கும்போது. 'பிறகு என்ன ஆனது' என்ற பகுதியை ஊன்றிப் படியுங்கள். கத்தினால் கேள்வி நின்றுவிடுகிறதா? அழுதால் டியூஷன் லீவு கிடைக்கிறதா? அப்படியானால் தன் நிலைமையை மாற்ற அவனுக்குக் கிடைத்த ஒரே கருவி அதுதான், வேறு கருவி கொடுக்காமல் அதைக் கீழே போட மாட்டான்.

படி 2: தூக்கத்தைச் சரிசெய்யாமல் மற்ற எதிலும் இறங்காதீர்கள்

13 முதல் 18 வயதுவரை நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வரையறுத்தது. இந்த வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பதே இரவில் தாமதமாகிறது. பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது, காலையில் எழுப்பினால் எழ முடியாது, இது சோம்பேறித்தனம் இல்லை. மேலே சொன்ன பையன் தூங்குவது நாலு மணி நேரம்தான். தூக்கம் குறைந்த மூளையில் பயத்துக்கும் கோபத்துக்குமான பகுதி சட்டென்று கிளம்பும், அதை அடக்க வேண்டிய முன்மூளை மந்தமாக இருக்கும். அந்த முன்மூளை முழுதாக வளர்ந்து முடிவதே இருபது வயதுகளின் நடுப்பகுதியில்தான்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தரை மணி டியூஷனும் இரவு டியூஷனும் சேர்ந்து இருந்தால் ஒன்றை வெட்டுங்கள். எதை வெட்டுவது என்பதை அவனே சொல்லட்டும். நீங்கள் அவன் கையில் கொடுக்கும் முதல் முடிவாக இதுவே இருக்கலாம்.

படி 3: மூன்று பத்தி போட்ட ஒரு தாள்

ஒரு சனி, ஞாயிறு மாலை, யாரும் கோபத்தில் இல்லாதபோது, பிள்ளையோடு உட்காருங்கள். மனதை அழுத்துகிற எல்லாவற்றையும் அவன் சொல்லச் சொல்ல எழுதுங்கள், திருத்தாதீர்கள். பிறகு 'என் கையில் இருக்கு', 'பாதி என் கையில்', 'என் கையில் இல்லை' என்று மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

நீட் வினாத்தாள் எவ்வளவு கடினமாக வரும், இந்த வருடம் கட்-ஆஃப் எவ்வளவு போகும், பெரியப்பா பையன் எவ்வளவு எடுத்தான், வீட்டுக் கடன், அப்பாவின் வேலை, இதெல்லாம் மூன்றாவது பத்தி. கெமிஸ்ட்ரி மார்க், வாத்தியாரோடு உள்ள உரசல், தம்பியோடு அறையைப் பங்கிடுவது, இவை நடுப் பத்தி. இன்றைக்கு எந்தப் பாடத்தை எடுப்பது, புரியாததை யாரிடம் கேட்பது, யாரோடு சேர்ந்து படிப்பது, இவை முதல் பத்தி. பல பிள்ளைகள் முதலில் எல்லாவற்றையும் மூன்றாவதில் போட்டுவிடுவார்கள். சில பிள்ளைகள், பெரும்பாலும் நன்றாகப் படிக்கிறவர்கள், எல்லாவற்றையும் முதல் பத்தியில் போடுவார்கள். இரண்டாவது வகையைப் பார்த்துதான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

ஏனென்றால் 'எல்லாம் உன் கையில்தான் இருக்கு, மனசு வெச்சா முடியாதது எதுவுமே இல்ல' என்று மேடைதோறும் சொல்கிறோம். லட்சக்கணக்கான பேர் எழுதி அதில் சிறு பகுதிக்கே இடம் கிடைக்கும் ஒரு தேர்வை முன்னால் வைத்துவிட்டு அப்படிச் சொன்னால், இடம் கிடைக்காத பிள்ளைக்கு என்ன அர்த்தம் ஆகும்? எல்லாம் என் கையில் இருந்தது, நான்தான் லாயக்கில்லை என்று ஆகும். கையில் இல்லாததைக் கையில் இருப்பதாகச் சொல்வதும் பிள்ளையை உடைக்கும். 1982-ல் ராத்பாம், வைஸ், ஸ்னைடர் ஆகிய மூவரும் இரண்டு விதக் கட்டுப்பாட்டைப் பிரித்துச் சொன்னார்கள்: நிலைமையை மாற்றுவது ஒன்று, மாற்ற முடியாத நிலைமைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது இன்னொன்று. மூன்றாவது பத்திக்கு இரண்டாவது வகைதான் சரி. 'பெரியம்மா போன் பண்ணி மார்க் கேட்டால் அம்மாவே பேசிக்கொள்வாள், நீ பேச வேண்டாம்' என்பது போன்ற ஏற்பாடுகள் அதில் சேரும், அதைச் செய்ய வேண்டியது பெற்றோர்.

படி 4: முடிவுகளைக் கையில் கொடுங்கள், ஒவ்வொன்றாக

எல்லோரும் சறுக்குகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே நாளில் 'இனிமே உன் இஷ்டம்' என்று விட்டுவிடுவது சுதந்திரம் இல்லை, கோபத்தில் கைகழுவுவது. பிள்ளைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள், எல்லையைச் சொல்லுங்கள், அதற்குள் முடிவு முழுக்க அவனுடையது என்று சொல்லுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

எதில் தொடங்கலாம்? வீட்டில் படிக்கும் நேரமும் வரிசையும் நல்ல தொடக்கம். இரவு ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் படிப்பு, எதை, எங்கே உட்கார்ந்து, பாட்டுக் கேட்டுக்கொண்டா இல்லையா என்பதெல்லாம் அவள் விருப்பம். மாதம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து பஸ், ஜெராக்ஸ், தின்பண்டம் எல்லாம் அதற்குள் பார்த்துக்கொள்ளச் சொல்வது இன்னொன்று. இருபதாம் தேதியே காசு தீர்ந்தால் மிச்சப் பத்து நாளை அவளே ஓட்டட்டும், அந்தப் பத்து நாள்தான் பாடம். அம்மா ரகசியமாக ஐம்பது ரூபாய் திணித்தால் எல்லாம் வீண். ஒரு முடிவைக் கொடுத்தால் குறைந்தது ஒரு பரீட்சை முடியும்வரை, மிட் டேர்ம் முதல் காலாண்டுவரை என்று வைத்துக்கொள்ளுங்கள், திரும்பப் பிடுங்கக் கூடாது. மார்க் ஐந்து குறைந்ததும் பிடுங்கினால், கொடுத்ததே பொய் என்று அவள் முடிவுகட்டிவிடுவாள்.

பொய்த் தேர்வு கொடுக்காதீர்கள். 'டாக்டரா, இன்ஜினியரா, நீயே முடிவு பண்ணு' என்பது தேர்வே இல்லை.

பத்தாவது முடித்ததும் வரும் பிளஸ் ஒன் குரூப் இந்த எல்லா முடிவுகளிலும் பெரியது, பெரும்பாலும் சொந்தக்காரர்கள் ஒன்றுகூடி எடுப்பது. இங்கே பெற்றோர் வேலை தகவல் திரட்டிக் கொடுப்பது. உயிரியல் இல்லாத குரூப் எடுத்தால் நீட் பக்கம் போவது சிரமம். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, அதனால் கணிதத்தை விட்டால் அந்த வழி பெரும்பாலும் மூடும். காமர்ஸ் எடுத்தால் பி.காம், சி.ஏ. பக்கம் அகலமாகத் திறக்கும், சட்டம் எந்தக் குரூப்பில் இருந்தும் படிக்கலாம். பத்தாவது முடித்து பாலிடெக்னிக் டிப்ளமோ படித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், ஐ.டி.ஐ. வழியும் இருக்கிறது. ஒவ்வொரு குரூப்பும் எந்தக் கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்று ஒரு தாளில் அவனையே எழுத வையுங்கள், அந்தப் படிப்பில் இருக்கும் இரண்டு மூன்று அண்ணன், அக்காக்களிடம் பேச வையுங்கள். உங்கள் பயத்தையும் ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு அவன் சொல்வதற்குக் கையெழுத்துப் போடுங்கள். தப்பான குரூப்பில் தானே போய் விழுந்த பிள்ளை எழுந்து வழி தேடும். அப்பா தள்ளிவிட்ட குரூப்பில் இருக்கும் பிள்ளையோ இரண்டு வருடமும் அப்பாவோடு சண்டை போடுவதிலேயே தீர்ந்துபோகும்.

படி 5: ஒரு பிரச்சினையை இரண்டு பேரும் சேர்ந்து தீர்ப்பது

ராஸ் கிரீன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு முறையை வகுத்திருக்கிறார்: முதலில் பிள்ளையின் சிக்கலைக் கேட்பது, அடுத்து நம் கவலையைச் சொல்வது, கடைசியில் இரண்டுக்கும் பொருந்தும் வழியைச் சேர்ந்து தேடுவது. வரிசை மாறினால் வேலை செய்யாது. நம் வீடுகளில் இரண்டாவதில்தான் தொடங்குகிறோம், அதுவும் கத்தலாக. இரவு போனை வைத்து இது எப்படி நடக்கலாம் என்று பாருங்கள்.

"டேய், ராத்திரி போன் பார்க்கிறதப் பத்தி பேசணும். திட்டறதுக்கு இல்ல. அந்த நேரத்துல என்ன பண்ற, எனக்குப் புரியல."

"ஒண்ணும் இல்லம்மா."

"சரி. ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் தூக்கத்த விடுற?"

(இங்கே அம்மா சும்மா இருக்க வேண்டும், அரை நிமிடம் ஆனாலும்.)

"பசங்க எல்லாம் அப்பதான் குரூப்ல இருப்பானுங்க. பகல்ல எங்க பேச முடியுது? நான் இல்லன்னா அடுத்த நாள் அவனுங்க எதுக்குச் சிரிக்கிறானுங்கன்னே தெரியாது."

"அப்போ அவங்களோட இருக்கணும், அதான் விஷயம்."

"ம்."

"எனக்கு என்ன கவலைன்னா, நீ காலையில எந்திரிக்கறப்போ உன் மூஞ்சப் பார்க்கவே கஷ்டமா இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்து என்ன பண்ணலாம்?"

"டியூஷன் முடிஞ்சு வந்ததும் அரை மணி நேரம் குடுத்தா பேசிட்டு வெச்சிடுவேன். வந்த உடனே புக்க எடுன்னு சொல்லாதீங்க."

"அரை மணி நேரம். அப்புறம் பத்தே முக்காலுக்கு போன் ஹால்ல சார்ஜ்ல இருக்கணும். அப்பா போனும் அங்கதான். பத்து நாள் பார்ப்போம், சரிவரலைன்னா மறுபடி பேசுவோம்."

பிரச்சினை போன் இல்லை, நண்பர்கள் கூட்டத்தில் இருந்து விழுந்துவிடுவோமோ என்ற பயம் என்பது அவன் பேசிய பிறகுதான் தெரிந்தது. வழியை அவன் சொன்னான், அம்மா எல்லை சேர்த்தார். பத்து நாளில் மூன்று நாள் மீறுவான். மீறினால் மறுபடி பேசத்தான் வேண்டும்.

படி 6: மார்க் வந்த அன்று பேசும் பேச்சு

கேரல் டுவெக் 1975-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தோற்றவுடன் கைவிட்டுவிடும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதிக்கு எளிதான கணக்குகளாகக் கொடுத்து வெற்றி மட்டுமே கிடைக்கச் செய்தார். இன்னொரு பகுதிக்கு அவ்வப்போது தோல்வியும் வந்தது, அப்போதெல்லாம் முயற்சி போதவில்லை என்று சொல்லப்பட்டது. பிறகு கடினமான கணக்கு வந்தபோது தாக்குப்பிடித்தது இரண்டாவது பகுதி. தோல்விக்கு என்ன காரணம் என்று பிள்ளை தனக்குள் சொல்லிக்கொள்கிறதோ, அதுதான் அடுத்து நடப்பதைத் தீர்மானிக்கிறது. 'உனக்கு மேத்ஸ் வராது' என்றால் அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை.

ஆனால் ராப்பகலாகப் படித்தும் மார்க் வராத பிள்ளையிடம் 'இன்னும் உழைக்கணும்' என்பது அக்கிரமம். அங்கே பார்க்க வேண்டியது முறை. விடைத்தாளை வாங்கி, போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் அவளையே ஒரு குறி போடச் சொல்லுங்கள்: தெரியாமல் போனது, தெரிந்தும் தப்பாக எழுதியது, நேரம் பத்தாமல் விட்டது. 54 மார்க் வாங்கிய பேப்பரில் நேரம் பத்தாமல் போனது மட்டும் 14 என்று வந்தால், அடுத்த மூன்று வாரத்துக்குக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகினால் போதும். 'நான் மக்கு' என்பது 'எனக்கு ஐந்து மார்க் கேள்வியில் கை மெதுவாகப் போகிறது' என்று மாறுகிறது. முதலாவதை என்ன செய்ய முடியும்? இரண்டாவதைச் சரிசெய்யலாம்.

மற்ற பிள்ளையோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். பொதுத் தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதையே தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்திவிட்டது, வீட்டு ஹாலில் மட்டும் ஏன் தொடர வேண்டும்?

படி 7: எல்லைகள் குறைவாக, உறுதியாக

இவ்வளவும் சொன்னதால் கண்டிப்பே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லையே இல்லாத வீட்டிலும் பிள்ளைக்குப் பிடி கிடைப்பதில்லை. அன்பும் கண்டிப்பும் சேர்ந்த வளர்ப்புதான் நன்றாக வேலை செய்கிறது என்று 1960-களிலேயே டயானா பாம்ரிண்ட் காட்டிவிட்டார். பேச்சுக்கே இடமில்லாத விதிகள் நாலைந்து போதும்: கை நீட்டக் கூடாது, எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், புகையிலை, கஞ்சா, குடி கிடையாது, லைசென்ஸ் இல்லாமல் பைக் கிடையாது. பைக் விஷயத்தில் சட்டமும் உங்கள் பக்கம்தான். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. மீறினால் என்ன விளைவு என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், சின்னதாக, அன்றைக்கே முடிவதாக இருக்கட்டும். ஒரு மாதம் போன் கிடையாது என்று கத்திவிட்டு மூன்றாம் நாள் திருப்பிக் கொடுப்பதால் பயன் இல்லை.

அடியைவிட அதிகம் புழங்கும் ஆயுதம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. 'உனக்காகத்தானே நகையை அடகு வெச்சு ஃபீஸ் கட்டினேன்', 'உன்னால எனக்கு பி.பி. வந்துடுச்சு', அப்புறம் நாள் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது. பிரையன் பார்பர் என்ற ஆய்வாளர் 1990-களில், பிள்ளையின் நடத்தைக்கு எல்லை போடுவதையும் குற்றவுணர்ச்சியாலும் பேசாமல் இருப்பதாலும் பிள்ளையின் மனதைப் பிடித்து ஆட்டுவதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். இரண்டாவது வகை மனச்சோர்வோடு தொடர்ந்து சேர்ந்து வருவதைக் கண்டார். நகை அடகு உண்மையாக இருக்கலாம். வீட்டுப் பண நிலைமையைப் பிள்ளையிடம் சொல்லுங்கள், தெரிய வேண்டியதுதான். ஆனால் சண்டை நடுவில் அதை எடுத்து வீசாதீர்கள். அந்தக் கடனை அடைக்க அவளால் இப்போது எதுவும் செய்ய முடியாது, மனதுக்குள் சுமக்க மட்டும்தான் முடியும்.

படி 8: முதல் மாதம் மோசமாகலாம்

கத்தினால் கேள்வி நின்றுவிடும் என்று பழகிய பிள்ளை, அது நிற்கவில்லை என்றால் முதலில் இன்னும் உரக்கத்தான் கத்தும். கையில் கொடுத்த முடிவு உண்மைதானா என்று சோதிக்கவே வேண்டுமென்றே சொதப்பும். இந்த வாரங்களில்தான் பெரும்பாலான வீடுகள் பழைய வழிக்குத் திரும்பிவிடுகின்றன. படி 1 நோட்டைத் தொடர்ந்து எழுதுங்கள். வாரத்துக்கு ஆறு சண்டை நாலாகக் குறைந்தது மனதுக்குத் தெரியாது, நோட்டில் தெரியும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொன்று பேசுவதை இந்த நேரத்திலாவது நிறுத்த வேண்டும், தாத்தா பாட்டிக்கும் விவரத்தைச் சொல்லி வையுங்கள்.

படி 9: வீட்டால் முடியாதது எது என்று தெரிந்துகொள்வது

எல்லா நடத்தைக்கும் கட்டுப்பாட்டு உணர்வுதான் காரணம் என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது. கவனக்குறைவு மிகைச்செயல்பாடு (ADHD), வாசிப்பதிலும் எழுதுவதிலும் உள்ள கற்றல் குறைபாடு, பள்ளியில் நடக்கும் கேலிவதை, சாதிப் பெயர் சொல்லி ஒதுக்குவது, பாலியல் சீண்டல் இவற்றில் ஏதாவது ஒன்று அடியில் இருக்கலாம். சட்டென்று ஒரு பிள்ளை முழுக்க மாறிப்போனால் இவற்றை முதலில் யோசியுங்கள். பள்ளியிலோ பஸ்ஸிலோ டியூஷனிலோ யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் சோர்ந்தே இருப்பது, பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டுவிடுவது, தூக்கமும் சாப்பாடும் தலைகீழாவது, கையில் காயங்கள், முழுக்கை சட்டையைக் கழற்றாமல் இருப்பது, தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, 'நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி' என்ற பேச்சு. இவற்றில் எதைக் கண்டாலும் 'மிரட்டுறான்' என்று தள்ளாதீர்கள். 'செத்துப்போகலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல ஒரு வழி கிடைக்கும். சொன்னால் அதிராமல், அறிவுரை சொல்லாமல், பக்கத்தில் உட்காருங்கள். தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து, எலி மருந்து எல்லாவற்றையும் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டி வையுங்கள்.

ரிசல்ட் வரும் நாளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அன்று ஒருவராவது லீவு போட்டு வீட்டில் இருங்கள். ரிசல்ட்டுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: எந்த மார்க் வந்தாலும் மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுகிறோம், சொந்தக்காரர்கள் போனை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏதாவது ஒரு பாடம் போனாலும் துணைத்தேர்வு எழுதி அந்த வருடமே கல்லூரி சேரலாம். துணைத்தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை நீங்கள் முன்பே தெரிந்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்று கையில் இருக்கும்.

உதவிக்கு முதலில் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ மாவட்டத் தலைமை மருத்துவமனையையோ பாருங்கள், மனநலப் பிரிவில் வெளிநோயாளியாகக் காட்டலாம். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. மருந்து கொடுத்துவிடுவார்களோ, ரெக்கார்டில் ஏறிக் கல்யாணம் தடைபடுமோ என்று பயந்து கோயிலுக்கும் ஜோசியருக்குமாக மாதக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். கோயிலுக்கும் போங்கள், டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

போனில் பேச, 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழ்நாட்டில் 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, அதைப் பிள்ளையே நேராகக் கூப்பிடலாம். இந்த மூன்று எண்களையும் பிள்ளையின் போனில் அவனையே சேமிக்கச் சொல்லுங்கள், உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். 14416-ல் தமிழிலேயே பேசலாம், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று தெரியாமல் விழிக்கிற பெற்றோரும் தங்களுக்காகவே கூப்பிடலாம்.